சம்ப்புக்கு எந்த சிமெண்ட், சுவருக்கு எந்தக் கல்? தொழிற்சாலைக் கழிவு கலந்த கான்கிரீட்டில் கன உலோகக் கசிவு: ஓர் ஒப்பீடு

பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது மனையில் வீடு கட்ட இறங்குகிற எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, தொழிற்சாலைக் கழிவைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கடைக்காரர் எடுத்துப் போடும் பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட்) மூட்டையில் அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கிறது. ரெடிமிக்ஸ் லாரியில் வரும் கலவையில் பல நேரம் இரும்பாலைக் கசடை, அதாவது ஸ்லாக்கை, அரைத்த தூள் இருக்கிறது. சாம்பல் கல்லிலும் ஏஏசி பிளாக் என்ற லேசான நுரைக் கல்லிலும் பெரும்பகுதி சாம்பல்தான். எம் சாண்ட் விலை ஏறினால் ‘ஸ்லாக் சாண்ட் இறக்கட்டுமா?’ என்று ஒருவர் வருவார். தரையை மேடாக்க ‘மண்ணுக்குப் பதிலா ஆஷ் கொட்டிடலாம், லோடு சும்மாவே வரும்’ என்று இன்னொருவர் வருவார்.

ராமமூர்த்தி நகரில் வீடு கட்டும் ஓர் அக்கா என்னிடம் நேரடியாகவே கேட்டார்: “தம்பி, சாம்பல்ல ஈயம், ஆர்சனிக் எல்லாம் இருக்காமே. அந்த சிமெண்ட்ல சம்ப் கட்டி, அந்தத் தண்ணியில புள்ளைங்களுக்குச் சமைச்சுப் போடலாமா?” (சம்ப் என்றால் தரைக்கு அடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி.) கான்கிரீட் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. ஒரே வரியில் பதில் சொன்னால் அது தப்பான பதிலாகத்தான் இருக்கும். ஒரே சாம்பல் சிமெண்டுக்குள் போனால் ஒரு கதை, தரைக்கு அடியில் தூளாகக் கொட்டினால் வேறு கதை. எந்தக் கழிவு என்று கேட்பதோடு, அது எதில் கட்டுண்டு கிடக்கிறது, எந்தத் தண்ணீர் அதைத் தொடுகிறது என்றும் கேட்க வேண்டும். அதனால் வீட்டை இடம் இடமாகப் பிரித்துத்தான் முடிவெடுக்க முடியும்.

‘சுத்தமான’ சிமெண்ட் என்று ஒன்று இல்லை

கழிவே வேண்டாம், சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டான ஓபிசி 53 கிரேடு போட்டுவிடுகிறேன் என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, ஓபிசியிலும் கன உலோகம் உண்டு என்பதுதான். சுண்ணாம்புக்கல், களிமண், இரும்புத்தாது, நிலக்கரி எல்லாவற்றிலும் குரோமியம், நிக்கல், ஈயம், துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். சிமெண்ட் சூளைக்குள் 1450 டிகிரி வெப்பத்தில், ஆக்சிஜன் உள்ள சூழலில், குரோமியத்தின் ஒரு பகுதி குரோமியம்-6 ஆக மாறுகிறது. தண்ணீரில் எளிதில் கரைவது இந்த வடிவம்தான். உடலுக்குக் கெடுதல் செய்வதிலும் இதுவே முன்னால் நிற்கிறது. போதாததற்கு, பல சிமெண்ட் ஆலைகள் தொழிற்சாலைக் கழிவையே சூளையில் எரிபொருளாகப் போடுகின்றன. அதற்குச் சட்ட அனுமதியும் உண்டு. அந்த உலோகமும் பெரும்பாலும் கிளிங்கருக்குள்தான், அதாவது சூளையில் வெந்து வரும் சிமெண்ட் உருண்டைக்குள்தான், போகிறது.

இந்தக் குரோமியத்தை முதலில் வாங்கிக்கொள்வது வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டி இல்லை, கொத்தனாரின் கை. திருவண்ணாமலை, தருமபுரி பக்கமிருந்து இங்கே வந்து வேலை செய்கிறவர்களின் கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விரல் இடுக்கில் தோல் தடித்து வெடித்திருக்கும், நகத்தைச் சுற்றி வெள்ளையாக உரிந்திருக்கும். புறங்கையில் அரிப்பு ஆறாமல் கறுத்துப் போயிருக்கும். “சிமெண்ட் அரிச்சிருச்சு சார், தேங்காய் எண்ணெய் போட்டாச் சரியாயிடும்” என்பார்கள். காரம் சுடுவது ஒரு பாதி. குரோமியம்-6 உண்டாக்கும் ஒவ்வாமை இன்னொரு பாதி, அது ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் போகாது. டென்மார்க் 1983லேயே சிமெண்டில் கரையும் குரோமியம்-6க்கு வரம்பு போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005 ஜனவரி முதல் அந்த வரம்பு பத்து லட்சத்தில் 2 பங்கு. அங்கே அரைக்கும்போது ஃபெரஸ் சல்பேட் கலந்து குரோமியம்-6ஐக் குரோமியம்-3 ஆக்கிவிடுகிறார்கள். அதன் வீரியம் நாளாக ஆகக் குறைவதால் மூட்டையில் காலாவதித் தேதியும் போடுகிறார்கள். எந்த சிமெண்ட் வாங்கினாலும் வேலைக்கு வருகிறவர்களுக்கு ரப்பர் கையுறையும், கை கழுவ நல்ல தண்ணீரும் சோப்பும் வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. சிமெண்ட் வகையை விட இதற்கு நான் அதிக முக்கியம் கொடுப்பேன்.

கான்கிரீட் உலோகத்தை எப்படிப் பிடித்து வைக்கிறது

சிமெண்ட் இறுகும்போது கால்சியம், சிலிக்கா, தண்ணீர் சேர்ந்த ஒரு பசை உருவாகிறது. உலோக அணுக்களில் கொஞ்சம் அந்தப் பசையின் அடுக்குகளுக்குள் சிக்கிக்கொள்ளும். எட்ரிங்கைட் என்ற ஊசி வடிவப் படிகம், சல்பேட் உட்கார வேண்டிய இடத்தில் குரோமேட், செலினேட், ஆர்சனேட்டைக்கூட உட்காரவைத்துக்கொள்ளும். மீதி, நுண்துளைகளில் இருக்கும் கடுங்காரத் தண்ணீரில் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். புதுக் கான்கிரீட்டின் துளைநீரில் பிஎச் (7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 12.5க்கு மேல்.

இங்கே உலோகங்கள் இரண்டு கட்சியாகப் பிரிகின்றன. காட்மியம், நிக்கல், துத்தநாகம், செம்பு போன்றவை பிஎச் 9க்கும் 11க்கும் இடையில் மிகக் குறைவாகக் கரையும், அமிலம் பட்டால் எழுந்து வரும். ஈயம் இரண்டு பக்கமும் போகும்: அமிலத்திலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். குரோமேட், ஆர்சனேட், செலினேட், மாலிப்டேட், வனேடேட் என ஆக்சிஜனோடு சேர்ந்து எதிர்மின் அயனியாகத் திரிபவை இரண்டாவது கட்சி. கான்கிரீட் இளமையாக இருக்கும்வரை இவை ஓரளவு அடங்கியிருக்கும். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே புகுந்து பிஎச் 9 பக்கம் இறங்கியதும் எட்ரிங்கைட் உடைகிறது, பிடித்து வைத்திருந்ததை விடுகிறது. ஆய்வுக்கூடத்தில் 28 நாள் கட்டையில் ‘கசிவு இல்லை’ என்று வந்த முடிவை முப்பது வருடத்துக்கு நீட்டக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய வீடு இடிக்கும் இடத்தில் ஒரு பீம் துண்டைப் புதிதாக உடைத்து, பினாப்தலீன் கரைசலை அதன் மேல் தெளித்தால் நடுப்பகுதி நல்ல ரோஜா நிறத்துக்கு மாறும். ஓரம் மட்டும் ஒரு பட்டையாக நிறமே மாறாமல் சாம்பலாக நிற்கும். அந்தப் பட்டைதான் காரம் போன பகுதி. அடர்த்தியான கான்கிரீட்டில் அது நகத்தின் அகலம்கூட இருக்காது. தண்ணீர் தாராளமாக ஊற்றிக் கலக்கிய பழைய சன்ஷேடில் கம்பி வரைக்கும் போயிருக்கும்.

சம்ப்: ஓபிசி, பிபிசி, ஸ்லாக்

வீட்டில் நிஜமாக யோசிக்க வேண்டிய இடம் சம்ப்தான். குடிக்கிற, சமைக்கிற தண்ணீர் நாள் கணக்கில் கான்கிரீட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதோடு, 2009க்குப் பிறகு பெங்களூரில் 1200 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனையில் புதிதாகக் கட்டுகிறவர்கள் மழைநீர் சேகரிக்க வேண்டும் என்பது சட்டம். பலர் மொட்டைமாடி மழைநீரை வடிகட்டி சம்ப்புக்கே விடுகிறார்கள். மழைநீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, கொஞ்சம் அமிலத்தன்மையும் உண்டு. இப்படிப்பட்ட மென்நீர் கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சி எடுக்கும். மேல்தோல் துளை விழுந்து, உள்ளே இருப்பது வெளியே வர வழி பெரிதாகும். கடினமான போர்வெல் தண்ணீர் இந்தச் சேதத்தைச் செய்யாது.

பிபிசியில் இந்தியத் தரமான ஐஎஸ் 1489இன்படி 15 முதல் 35 சதவீதம் சாம்பல். கேட்க அதிகம் போலத் தோன்றும். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2400 கிலோ. அதில் சிமெண்ட் 360 கிலோ, அதில் 30 சதவீதம் சாம்பல் என்றால் 108 கிலோ. ஆக மொத்தக் கான்கிரீட்டில் சாம்பல் ஐந்து சதவீதத்துக்கும் கீழேதான். அதுவும் சும்மா கிடப்பதில்லை. சிமெண்ட் விடும் சுண்ணாம்போடு வினைபுரிந்து புதுப் பசையாகி, துளைகளை அடைக்கிறது. மென்நீர் உறிஞ்ச வேண்டிய சுண்ணாம்பே உள்ளே குறைந்துவிடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2014 பிப்ரவரியில் வெளியிட்ட மதிப்பீட்டில், சாம்பல் கலந்த கான்கிரீட்டிலிருந்து வரும் வெளியேற்றம் சாம்பல் கலக்காத கான்கிரீட்டுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருப்பதாகவே முடிவு சொன்னது.

ஸ்லாக் சிமெண்ட் இன்னும் ஒரு படி மேல். ஐஎஸ் 455 தரப்படி அதில் 25 முதல் 70 சதவீதம் ஊதுலைக் கசடு. ஊதுலைக்குள் ஆக்சிஜன் பற்றாக்குறையான சூழல் என்பதால் கசடில் சல்ஃபைடு தங்கிவிடுகிறது. அந்தச் சல்ஃபைடு சிமெண்டில் இருக்கும் குரோமியம்-6ஐயே குரோமியம்-3 ஆகக் குறைத்துவிடும். அமெரிக்காவில் சவானா ரிவர் அணுசக்தி வளாகத்தின் கழிவுக் கலவையில் டெக்னீஷியம் என்ற கதிரியக்க உலோகத்தை அடக்கி வைக்க ஸ்லாக் சேர்ப்பதும் இதே வேதியியலை நம்பித்தான். ஸ்லாக் அதிகம் போட்ட சோதனைக் கியூபை ஏழாம் நாளோ பத்தாம் நாளோ உடைத்தால் உள்ளே மயில் கழுத்துப் போல நீலப்பச்சையாக இருக்கும். முதன்முறை பார்க்கிற மேஸ்திரிகள் பதறிவிடுவார்கள். “ஏதோ கெமிக்கல் கலந்துட்டாங்க சார்!” அந்த நிறம் சல்ஃபைடு செய்கிற வேலையின் அடையாளம். காற்றுப் பட்டதும் சில நாளில் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிடும்.

இனி ஒரு கணக்கு. நீளம் 2 மீட்டர், அகலம் 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 1.5 மீட்டர் என்றால் சம்ப் 6000 லிட்டர் பிடிக்கும். நனைகிற பரப்பு 16 சதுர மீட்டர். ஒரு பேச்சுக்கு, ஒரு சதுர மீட்டரிலிருந்து 64 நாளில் 1 மில்லிகிராம் குரோமியம் வெளியேறுகிறது என்று வையுங்கள். மொத்தம் 16 மி.கி. வீட்டில் தினம் 500 லிட்டர் புழங்கினால் 64 நாளில் 32,000 லிட்டர். லிட்டருக்கு 0.0005 மி.கி. வருகிறது. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் குரோமியத்தின் வரம்பு 0.05 மி.கி., அதாவது நூறில் ஒரு பங்குதான் சேர்கிறது. கசிவு நாளுக்கு நாள் குறையவும் செய்யும். துளைகள் வழியே ஊறி வருவது என்பதால் நாள் நான்கு மடங்கானால் கசிவு இரண்டு மடங்குதான் ஆகும். 64 நாளில் வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஏழு நாளிலேயே வந்துவிடும். அதனால் சம்ப் கட்டி முடித்ததும் நிரப்பி ஒரு வாரம் வைத்து, அந்தத் தண்ணீரை வேறு வேலைக்கு எடுத்துவிட்டு, மறுபடி நிரப்பிக் காலி செய்துவிட்டுப் புழங்க ஆரம்பிப்பது மிக மலிவான பாதுகாப்பு.

ஆகவே என் தேர்வு: சம்ப்புக்கு முதலில் ஸ்லாக் சிமெண்ட், அல்லது ஸ்லாக் தூள் கலந்த ரெடிமிக்ஸ். கிடைக்காவிட்டால் பிபிசி. ஓபிசியை மூன்றாவதாகத்தான் வைப்பேன். ஆனால் இந்த வரிசையை விடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது தண்ணீர் அளவு. தண்ணீர்த் தொட்டிக்கு ஐஎஸ் 3370 கேட்பது குறைந்தது எம்30 வலிமைக் கான்கிரீட், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45க்கு மிகாமல். நம் ஊர்த் தளங்களில் சம்ப்புக்கு ‘ஒண்ணுக்கு ஒன்றரைக்கு மூணு’ (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையை வாளியால் தண்ணீர் ஊற்றித்தான் இன்னமும் போடுகிறார்கள். தேன்கூடு போலத் துளை விழுந்த மூலையில் எந்த சிமெண்டாக இருந்தாலும் கசியும். நனைப்பதிலும் கறாராக இருக்க வேண்டும். ஐஎஸ் 456 ஓபிசிக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பலோ ஸ்லாக்கோ கலந்ததற்கு 10 நாளும் கேட்கிறது, 14 நாள் நல்லது என்கிறது. நாலு நாள் நனைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிற தளத்தில் ஸ்லாக் சிமெண்ட் தன் நல்ல குணம் எதையும் காட்டாது. மொட்டைமாடி சிலாபுக்கும் இதே எச்சரிக்கை உண்டு: கலப்பு சிமெண்டில் சுண்ணாம்பு குறைவு என்பதால் நனைப்பு குறைந்தால் காரம் சீக்கிரம் போய்க் கம்பி துருப்பிடிக்கும். அங்கே உலோகக் கசிவு ஒரு பிரச்சினையே இல்லை, துருதான் பிரச்சினை.

சம்ப்பின் உள்ளே டைல்ஸ் ஒட்டினால் போதாதா என்று கேட்கிறார்கள். டைல்ஸ் இடைவெளியில் இருப்பதும் சிமெண்ட்தான். குடிநீருக்கு ஏற்றது என்று சான்று பெற்ற எபாக்சி பூச்சு வேலை செய்யும், கான்கிரீட் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டால்.

மணலுக்குப் பதிலாக வருபவை

ஐஎஸ் 383 தரம் 2016 திருத்தத்தில் சில கசடுகளை மணலுக்கு மாற்றாக அனுமதித்தது. இரும்புக் கசடு கம்பி போட்ட கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, தாமிரக் கசடு 35 சதவீதம் வரை. எஃகுக் கசடுக்குக் கம்பிக் கான்கிரீட்டில் அனுமதியே இல்லை. ‘ஸ்லாக் சாண்ட்’ என்ற ஒரே பேரில் இந்த மூன்றும் உங்கள் வாசலுக்கு வரலாம் என்பதுதான் சிக்கல். பல்லாரிப் பக்கத்து ஊதுலைகளிலிருந்து வருவது வெளிறிய நிறத்தில் கண்ணாடித் துகள் போல இருக்கும், உலோகம் குறைவு, நம்பலாம். எஃகு உருக்கும் கொள்கலனிலிருந்து வருவதில் வனேடியமும் குரோமியமும் அதிகம். அதில் வினைபுரியாத சுண்ணாம்பும் இருப்பதால், வருடம் கழித்து வீங்கிக் கான்கிரீட்டைப் பிளக்கும்.

தாமிரக் கசடு கருகருவென்று, பளபளப்பாக, கையில் எடுத்தால் மணலை விடக் கனமாக இருக்கும். தூத்துக்குடியில் உப்பாறு ஓடையோரம் இதை மலையாகக் கொட்டி வைத்தது தமிழ்நாட்டில் எத்தனை வருடமாகப் பேசப்படும் பிரச்சினை என்பது நமக்குத் தெரியும். கண்ணாடியாக உறைந்திருப்பதால் அதிலுள்ள செம்பும் ஆர்சனிக்கும் சட்டென்று கரைந்துவிடாது, 35 சதவீதத்துக்குள் நல்ல கான்கிரீட்டில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அது தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். அளவு மீறினால் கலவையில் தண்ணீர் மேலே ஊறி நின்று, இறுகிய பிறகு துளைத்துளையாக ஆகிவிடும். தாது எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து ஆர்சனிக்கும் ஈயமும் மாறிக்கொண்டே இருக்கும். பில்லரிலும் பீமிலும் போட நான் மறுக்க மாட்டேன், சம்ப்பில் போட விட மாட்டேன். ஒரு சம்ப்புக்குத் தேவையான மணலில் மிச்சம் பிடித்து யாரும் பெரிதாகச் சம்பாதிக்கப் போவதில்லை.

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டை, ஓசூர் பக்கம் வார்ப்பட ஆலைகள் கழிக்கும் மணல் இன்னொன்று. இரும்பு, அலுமினிய வார்ப்பட மணல் பெரும்பாலும் தீங்கில்லாதது. பித்தளை, வெண்கல வார்ப்பட மணலில் ஈயமும் செம்பும் சேர்ந்திருக்கும். அமெரிக்காவில் 2014இல் நடந்த ஆபத்து மதிப்பீட்டில்கூட ஈயம் கலந்த பித்தளை, வெண்கல ஆலைகளின் மணலை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதற்கு நல்ல பேர் கொடுத்தார்கள். லாரியில் வந்து இறங்கும்போது இரண்டும் கறுப்பாகத்தான் இருக்கும். எந்த ஆலை, என்ன உலோகம் என்று எழுத்தில் வராத வார்ப்பட மணலைப் பூச்சுக்குக்கூட எடுக்காதீர்கள்.

‘டிசிஎல்பி பாஸ்’ என்ற காகிதம்

பிளாக் விற்கிறவர், தரையில் பதிக்கும் பேவர் கல் விற்கிறவர் எல்லோரும் நீட்டும் சான்று இது. டிசிஎல்பி என்பது அமெரிக்காவில் ஒரு கழிவு, நகரக் குப்பைமேட்டில் புதைக்கத் தக்கதா என்று பார்க்க உருவாக்கிய சோதனை. பொருளை 9.5 மி.மீக்குக் கீழே உடைத்து, இருபது மடங்கு எடை அசிட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றி, கரைந்ததை அளக்கிறார்கள். அதில் குரோமியத்தின் வரம்பு லிட்டருக்கு 5 மி.கி., ஈயத்தின் வரம்பும் 5 மி.கி. நம் குடிநீர் வரம்போடு வைத்துப் பாருங்கள்: குரோமியத்துக்கு நூறு மடங்கு, ஈயத்துக்கு ஐந்நூறு மடங்கு. நிலத்தடியில் போய்க் கலக்கும்போது நூறு மடங்கு நீர்த்துவிடும் என்ற கணக்கில் போட்ட வரம்பு அது. உங்கள் சம்ப்பில் எதுவும் நூறு மடங்கு நீர்க்கப் போவதில்லை.

இன்னொரு கோளாறும் உண்டு. கான்கிரீட்டின் காரம் அந்த அமிலத்தை விழுங்கிவிடும். சோதனை முடியும்போது பிஎச் பத்துக்கு மேல் நின்றால், பல உலோகங்கள் மிகக் குறைவாகக் கரையும் இடத்தில் அளந்திருக்கிறோம் என்று அர்த்தம். முடிவு அழகாக வரும், கார்பன் ஏறிய பிறகு நடக்கப்போவதை அது சொல்லாது.

முழுக் கட்டையைத் தண்ணீரில் மூழ்கவைத்து, 64 நாளில் எட்டு முறை தண்ணீர் மாற்றி அளக்கும் நெதர்லாந்துத் தொட்டிச் சோதனை நம் கேள்விக்கு நெருக்கமானது. முடிவும் சதுர மீட்டருக்கு இத்தனை மி.கி. என்றே வரும், மேலே போட்ட கணக்கில் அப்படியே வைக்கலாம். ஆனால் அங்கேயும் வரம்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. மண்ணைக் காக்க அவர்கள் குரோமியத்துக்கு வைத்த வரம்பு சதுர மீட்டருக்கு 120 மி.கி. நம் சம்ப்பில் அந்த 120ஐப் போட்டால் லிட்டருக்கு 0.06 மி.கி. வருகிறது, குடிநீர் வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஒழுங்கான கான்கிரீட் அந்த எண்ணுக்கு அருகில்கூடப் போவதில்லை. ஆனாலும் ‘பாஸ்’ என்ற சொல்லை விட்டுவிட்டு எண்ணைக் கேளுங்கள். குடிநீர்த் தொட்டிக்கான பூச்சோ கலவையோ என்றால் என்எஸ்எஃப்/ஆன்சி 61 சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். அது குடிநீரைத் தொடும் பொருளுக்கென்றே வந்த தரம்.

சுவர்

இங்கே நீளமாகப் பேச ஒன்றுமில்லை. சாம்பல் கல், ஏஏசி பிளாக், செங்கல் எதுவாக இருந்தாலும் உள்ளும் புறமும் பூச்சு, அதன் மேல் பெயிண்ட். தண்ணீர் நின்று தொடுவதே இல்லை. ஏஏசி அழுத்த நீராவியில் வெந்து படிகமாகியிருக்கும். சுவரில் கசிவு பற்றிய பயத்தை விட்டுவிட்டு விலை, எடை, வெப்பம் பார்த்து எடுங்கள். ஈயத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் குழாய்ப் பக்கம் திரும்பிப் பார்ப்பது நல்லது. மலிவான பித்தளைக் குழாய்த் திருகும், ஈய நிலைப்படுத்தி போட்ட பழைய பிவிசி பைப்பும் ஒரு சிலாப் நிறைய சாம்பலை விட அதிக ஈயத்தைத் தண்ணீரில் சேர்க்கக்கூடும். பிவிசி பைப்பில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு விதியே 2021இல்தான் வந்தது.

வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்பவை

தூளாகக் கொட்டும் சாம்பல். அரசு விதிப்படி அனல்மின் நிலையத்திலிருந்து 300 கி.மீ. சுற்றளவில் சாம்பலைப் பயன்படுத்தியாக வேண்டும் என்ற நெருக்கடி கட்டுமானத் துறைக்கு இருக்கிறது. சிமெண்டுக்குள்ளும் கல்லுக்குள்ளும் போனால் நல்லதுதான். தரைக்கு அடியில் சும்மா கொட்டினால் அதைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. போரான், செலீனியம், மாலிப்டினம், ஆர்சனிக் ஆகியவை மழைநீரோடு நேராக இறங்கும். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் டவுன் ஆஃப் பைன்ஸ் என்ற சிற்றூரில் சாலைக்கும் மனைக்கும் சாம்பலைக் கொட்டி நிரப்பினார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் வீட்டுக் கிணறுகளில் போரானும் மாலிப்டினமும் தெரிந்தன, வேறு தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. எண்ணூரில் சாம்பல் குளத்திலிருந்து வெளியேறியது கொசஸ்தலை ஆற்றை என்ன செய்தது என்பதைச் சென்னைக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

நம் முப்பதுக்கு நாற்பது மனையை நினைத்துப் பாருங்கள். முன் மூலையில் சம்ப், அதன் பக்கத்தில் போர்வெல், காம்பவுண்ட் ஓரம் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் ரீசார்ஜ் குழி. இவற்றுக்கு நடுவே நாலடி சாம்பலை நிரப்பினால், மழைநீரை அந்தச் சாம்பலில் ஊறவைத்துச் சொந்த போர்வெல்லுக்கே அனுப்புகிறோம். லோடு சும்மா வந்தாலும் வேண்டாம். மண்ணோ கிரஷர் தூளோ வாங்கிப் போடுங்கள்.

குப்பை எரித்த சாம்பலில் செய்த பேவர் அடுத்தது. பிடதியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், டெல்லியில் பல வருடமாக நடக்கிறது. இனி இந்தச் சாம்பல் சந்தைக்கு வரத்தான் செய்யும். அடியில் விழும் சாம்பலில் செம்பும் ஈயமும் இருக்கும், எரியாமல் மிஞ்சிய அலுமினியத் துணுக்கும் இருக்கும். அலுமினியம் சிமெண்டின் காரத்தில் பட்டதும் ஹைட்ரஜன் வாயு விட்டுக் கல்லை உப்பி வெடிக்கவைக்கும். புகைபோக்கியில் வடிகட்டிப் பிடிக்கும் சாம்பலில் ஈயம், காட்மியம், துத்தநாகம், டையாக்சின் என்ற நச்சு எல்லாம் குவிந்திருக்கும், அது அபாயக் கழிவு. இங்கிலாந்தின் நியூகாசிலில் பைக்கர் எரிஉலைச் சாம்பலை 1994 முதல் 1999 வரை காய்கறித் தோட்டப் பாதைகளில் போட்டார்கள். பிறகு டையாக்சினும் கன உலோகமும் தெரிந்து அள்ளி எடுத்தார்கள். பேவர் மீது வண்டி ஓடும், தேயும், புழுதி பறக்கும், குழந்தைகள் அதில் உட்கார்ந்து விளையாடும். வீட்டு வாசலுக்கு இது வேண்டாம்.

மின்முலாம் பட்டறைச் சகதியைக் கல்லில் கலப்பது மூன்றாவது. பீன்யாவின் நிலத்தடி நீரில் குரோமியம்-6 கலந்திருப்பது பல வருடமாக அறியப்பட்ட விஷயம். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை வளாகத்தில் லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு இன்னும் தலைவலியாக இருக்கிறது. அப்படிப்பட்ட சகதியைப் பயன்படுத்த 2016 அபாயக் கழிவு விதிகளின்படி தனி அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் கலப்பவர் உங்களிடம் சொல்லவும் மாட்டார். ஒரு குறி மட்டும் உண்டு: துத்தநாகமும் ஈயமும் சிமெண்ட் துகளைச் சுற்றிப் படலம் போட்டு இறுகுவதைத் தள்ளிப்போடும். சந்தை விலையை விட ரொம்ப மலிவாக வந்த பிளாக், ஓரம் விரலால் உதிர்கிறது என்றால் திருப்பி அனுப்புங்கள்.

வீடு இடியும் நாள்

பெங்களூரில் முப்பது வருட வீட்டை இடித்து நாலு மாடி எழுப்புவது சாதாரணம். சிலாபாக இருந்தபோது கசியாத கான்கிரீட், உடைந்து தூளாகும்போது பரப்பு பல மடங்கு கூடி, காற்றுப் பட்டு, காரம் இழந்து கிடக்கும். இரண்டாவது கட்சி என்று சொன்னேனே, குரோமேட், செலினேட், மாலிப்டேட், அவை வெளியே வரும் சமயம் இது. அந்த இடிபாட்டை இரவோடு இரவாக ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். சாம்பல் சிமெண்டானாலும் ஓபிசியானாலும் இங்கே பெரிய வித்தியாசம் இல்லை. தாமிரக் கசடோ எரிஉலைச் சாம்பலோ போட்டிருந்தால் வித்தியாசம் உண்டு. அதனால் கட்டும்போதே எந்த இடத்தில் என்ன போட்டோம் என்று பிளானின் ஓரத்தில் எழுதி, சிமெண்ட் பில், ரெடிமிக்ஸ் சலானோடு வையுங்கள். இடிக்க வருகிறவருக்கு அது தெரிய வேண்டும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை

சம்ப்பை இரண்டு முறை கழுவிக் காலி செய்த பிறகு மூன்றாவது நிரப்பில் ஏழு நாள் தொடாமல் வைத்து மாதிரி எடுங்கள். என்ஏபிஎல் (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள கூடத்தில் உலோகச் சோதனைக்கு என்று சொன்னால் அமிலம் இட்ட புட்டியை அவர்களே தருவார்கள். மொத்தக் குரோமியம், ஈயம், ஆர்சனிக், செலீனியம், நிக்கல், காட்மியம் ஆறும் போதும். பிஎச் பார்க்கக் கடையில் கிடைக்கும் காகிதமே போதுமானது. புதுச் சம்ப்பில் பத்துக்கு மேல் காட்டும், 8.5க்குக் கீழ் வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க எடுக்க வேண்டாம். அதே நாளில் சம்ப்புக்குள் விழும் முன் காவேரிக் குழாயிலிருந்து ஒரு புட்டியும், போர்வெல் இருந்தால் அதிலிருந்து ஒன்றும் எடுங்கள். இல்லாவிட்டால் வந்த எண்ணுக்குக் காரணம் கான்கிரீட்டா, தண்ணீரே அப்படித்தானா என்று பிரிக்க முடியாது. பீன்யா, ராஜாஜிநகர் பக்கம் போர்வெல் வைத்திருப்பவர்கள் இந்தப் புட்டியை விடவே கூடாது. போர்வெல் மாதிரியிலேயே குரோமியம் 0.05ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரைச் சமையலுக்கு நிறுத்திவிடுங்கள். வெளித் தண்ணீர் சுத்தமாக இருந்து சம்ப் மாதிரி மட்டும் தாண்டினால் இடிக்க வேண்டியதில்லை. காயவிட்டு, தேன்கூடு விழுந்த இடங்களைச் செதுக்கி அடைத்து, குடிநீர்ச் சான்றுள்ள எபாக்சி இரண்டு கோட் அடித்து, மறுபடி ஏழு நாள் தண்ணீர் நிறுத்தி அளந்து பாருங்கள்.